கொசுறு கேட்கத் தெரியாதவன்

2014 வரை எங்கள் வீட்டில் காய்கறி வாங்கிவருவது என் இலாகாவாக இருந்தது. அரைக் கிலோ கத்தரிக்காயும் கால் கிலோ அவரைக்காயும் வாங்கிவிட்டு, "ரெண்டு கொத்து கறிவேப்பிலை போடும்மா" என்று கேட்க எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. தள்ளுவண்டி அம்மாளாக இரக்கப்பட்டுப் போட்டால் உண்டு. போடாத நாட்களில் ஐந்து ரூபாய் கொடுத்துத் தனியாக வாங்கி, கொசுறு மாதிரி காய்களுக்கு நடுவே செருகிக்கொண்டு வருவேன். பையைக் கவிழ்த்த மாத்திரத்தில் என் மனைவி கண்டுபிடித்துவிடுவாள். "கொசுறு இவ்வளவு இருக்காதே!" என்பாள்.

பிறகு ஒருநாள், காரணம் எதுவும் சொல்லாமல், அந்த இலாகாவை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள். அந்த வருடம்தான் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ஓர் அதிகாரி தள்ளுவண்டி முன்னால் பையோடு நிற்பது அழகில்லை என்று நினைத்திருப்பாள் என எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கறிவேப்பிலை கேட்க வராத இந்த வாய்க்கு 22 வருடங்களாக ஒரு பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்துவருகிறது. பழைய மாணவர்களையும் பணக்காரர்களையும் பார்த்து நன்கொடை கேட்பதுதான் என் உத்தியோகம்.

சேர்ந்த புதிதில் கொடுத்த விசிட்டிங் கார்டில் 'டெவலப்மென்ட் ஆபீசர்' என்று அச்சடித்திருந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிதி திரட்டும் துறைக்கு அப்படித்தான் பெயர். 'கேட்பது' என்ற சொல் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளும் நாசூக்கு. ஆனால் நம் ஊரில் அந்தப் பதவி எல்.ஐ.சி.யில் ஏற்கெனவே இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்தால் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். "பாலிசி இல்லைங்க" என்று அவசரமாக விளக்குவேன். "பின்னே?" என்பார்கள். "நன்கொடை" என்றதும், பாலிசியே தேவலாம் என்ற முகத்தோடு ரசத்துக்குப் போய்விடுவார்கள்.

பெண் பார்க்கப் போன அன்றும் இதே கதைதான். "யூனிவர்சிட்டியில வேலைன்னாங்க. புரொபசருங்களா?" என்றார் வருங்கால மாமனார். இல்லை என்றேன். "ஆபீஸ்ல கிளார்க்கா?" அதுவும் இல்லை. "வெளியூரெல்லாம் போய்ப் பெரிய மனுஷங்களைப் பார்த்து..." என்று இழுத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வசூலா?" என்றார். இன்றுவரை மாமியார் வீட்டில் என் பெயர் வசூல் மாப்பிள்ளை. அன்றைக்கு நான் வரதட்சணை என்ற பேச்சையே எடுக்கவில்லை. கொள்கைப் பிடிப்பு என்று ஊரே மெச்சியது. "கொள்கையாவது, ஒண்ணாவது! கேட்க வாய் வந்திருக்காது" என்று என் மனைவி கண்டுபிடிக்க மூன்று மாதம்தான் ஆயிற்று.

தொழிலுக்கு ஒரு கௌரவம் தேடி வரலாற்றுக்குள் புகுந்தேன். படித்ததையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டாருக்குச் சொல்வேன். எழுந்து போக முடியாதபடி கையில் சோறு பிசைந்திருக்கும் நேரம் அது.

"சோழர் காலத்துல கோயில் விளக்கு ஒண்ணு அணையாம எரியறதுக்கு 96 ஆடு குடுப்பாங்க. கல்வெட்டுல அதுக்குச் 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேர். ஆடு சாகும், கிழடாகும். ஆனா குட்டிகளைச் சேர்த்து மந்தையை எப்பவும் 96-ஆவே வச்சிருக்கணும். தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு. முதல்ல கை வைக்காம பலனை மட்டும் செலவழிக்கறது. இன்னிக்கு யூனிவர்சிட்டிகள்ல என்டோமென்ட்னு சொல்றது இதைத்தான்."

"உறைமோர்" என்றாள் என் மனைவி, கரண்டியை எடுக்காமலே.

நான் அரை மணி நேரம் பவர்பாயின்ட் போட்டு விளக்குகிற விஷயத்தை அவள் ஒரு சொல்லில் முடித்துவிட்டாள். அடுத்த நாள் அலுவலகத்தில் அந்த உவமையை என்னுடையதாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். கேட்க வராத வாய்க்குத் திருட வருகிறது.

விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்களுக்காக ஒதுக்கிய 45 வேலி நிலம், ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மெஸ் பில். அதைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "அந்தக் காலத்துலயும் உன்ன மாதிரி யாராவது போய்க் கேட்டாங்களா, இல்ல ராஜாவே குடுத்தாரா?" கல்வெட்டில் அந்தத் தகவல் இல்லை. எங்கள் ஜாதிக்குக் கல்வெட்டில் எப்போதும் இடம் கிடையாது.

எனக்குப் பிடித்த கதை எலிஹு யேலுடையது. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் கொழித்து, புகார்களின் பேரில் பதவி இழந்து, பெரும் செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பியவர். அமெரிக்காவில் கட்டடத்துக்குப் பணமில்லாமல் ஒரு சின்னக் கல்லூரி தவித்துக்கொண்டிருந்தது. காட்டன் மேதர் என்ற பாதிரியார் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உங்கள் பெயர் வைத்தால் அது எகிப்துப் பிரமிடைவிட நல்ல நினைவுச் சின்னமாக நிற்கும் என்ற பொருளில் ஒரு தூண்டில். யேல் 1718-ல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அவ்வளவுதான். முந்நூறு வருடங்களுக்கு மேலாக உலகமே யேல், யேல் என்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு பெயர் இவ்வளவு மலிவாகப் போனது வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தச் செல்வத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் இருந்த தொடர்பை இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024-ல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கொடுக்கிற கை எங்கேயெல்லாம் இருந்துவிட்டு வருகிறது என்று முகர்ந்து பார்ப்பதும் எங்கள் வேலைதான்.

பெயர் ஆசையைச் சும்மா சொல்லக் கூடாது. எங்கள் விடுதிக்கு ஒருவர் மின்விசிறிகள் கொடுத்தார். ஒவ்வொரு இறக்கையிலும் 'உபயம்' என்று போட்டுத் தன் பெயர் எழுத வேண்டும் என்றார். எழுதினோம். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது. கரண்ட் போய், வேர்த்து விறுவிறுத்து அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் பையன்களுக்கு அவர் பெயர் பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் அவர்கள் சொல்கிற சொற்களோடு சேர்ந்து அவர் பெயரும் விடுதியில் நிலைத்துவிட்டது.

நான் பொறாமைப்படும் மனிதர் ஒருவர் உண்டு: சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார். 1947-ல் ஒரு கூட்டத்தில், செல்வந்தர்கள் அவரவர் ஊரில் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று பொதுவாகத்தான் கேட்டார். அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து காரைக்குடியில் கல்லூரி தொடங்குகிறேன் என்றார். அதே வருடம் தொடங்கியும்விட்டார். அடுத்த வருடம் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நான் ஒரு கூட்டத்தில் இதே மாதிரி பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் எழுந்தார். நம்பிக்கையோடு அவரையே பார்த்தேன். அவர் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வீட்டில் செய்தித்தாள் வருவதை நிறுத்தலாமா என்றுகூட யோசித்ததுண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா தான் படித்த சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். அன்று காலை காபி டம்ளருக்கு அடியில் அந்தப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "228 கோடியாம்" என்றாள் மனைவி. "ம்" என்றேன். "உங்க இடத்துல?" "மின்விசிறி வந்திருக்கு" என்றேன். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டுகிறார்கள் என்று முன்பு செய்தி வந்தபோது அம்மா அசந்தே போய்விட்டாள். "ஒரு நாற்காலிக்கா? அந்தப் பணத்துல சோபா செட்டே வாங்கலாமேடா!" என்றாள். தமிழ்நாடு அரசு பத்துக் கோடி கொடுத்தது, உலகெங்குமிருந்து தமிழர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்தார்கள், 2018-ல் தொகை நிறைந்துவிட்டது என்று விளக்கினேன். அதில் உட்காரப்போவது ஒரு பேராசிரியர்தான் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

இந்தத் தொழில் என் குணத்தையும் கெடுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து மைத்துனன் வந்தால் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். நான் "இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தானே?" என்பேன். காரணம் உண்டு. இந்தியக் குடிமகனாக இருந்து கொடுத்தால் அது உள்நாட்டு நன்கொடை. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும், 2021 முதல் அந்தப் பணம் புது தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். இவ்வளவையும் விளக்கி முடிப்பதற்குள் மைத்துனன் ஜெட்லாக் என்று சொல்லிப் படுத்துவிடுவான். இன்னொரு பக்கம், மஞ்சள் பையில் ஐம்பதாயிரம் ரூபாயை நோட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் நல்லவர்களும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்று அவர்களிடம் சொல்லி, பையைத் திருப்பிக் கொடுத்து, செக் கேட்க வேண்டும். கையில் வந்ததைத் திருப்பிக் கொடுப்பவன் என்று இன்னொரு பட்டம்.

இனி, 2014-ல் எனக்குப் பதவி உயர்வு கிடைத்த கதை.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு பொன்விதி சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: தொகையைச் சொன்னதும் வாயை மூடு. கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. எதிரில் இருப்பவர் யோசிக்கட்டும். முதலில் வாய் திறப்பவன் தோற்றான். இதை அன்றிரவே மனைவியிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்று கேட்டுக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர். எங்கள் பழைய மாணவர். சொந்தத் தொழில் நடத்தி ஓய்ந்தவர். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். மூன்று தடவையும் காபி, தட்டை, ராஜகோபுர தரிசனம். கேட்க வாய் வராமல் திரும்பினேன். நான்காவது தடவை, இம்முறை கேட்காமல் வந்தால் பயணப்படி கிடையாது என்று மேலதிகாரி சொல்லி அனுப்பினார். பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் மோடாவில். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, மாணவர் நலனுக்காக நீங்க 25 லட்சம் தரணும்னு கேட்டுக்கறேன்" என்று சொல்லி வாயை மூடினேன்.

பெரியவரும் பேசவில்லை. ஊஞ்சல் சங்கிலி கிரீச் கிரீச்சென்றது. சுவர்க் கடிகாரம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி டக்டக்கென்றது. ஒரு நிமிடம். ஒன்றரை. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "சிரமம்னா 15 லட்சம்கூடப் போதும்" என்றேன். ஊஞ்சல் ஆடியது. "பத்து?" என்றேன். அவர் கண் எங்கேயோ உத்தரத்தைப் பார்த்தது. "அஞ்சுன்னாலும் சந்தோஷம்தான்" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெரியவர் மெல்ல எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். காதுக் கருவி. காதில் மாட்டித் திருகிவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து, "இப்போ சொல்லுப்பா. என்னமோ முணுமுணுத்தியே?" என்றார்.

நியாயமாக நான் 25-க்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வாய் கடைசியாக நின்ற இடத்திலேயே நின்றது. "அஞ்சு லட்சம்" என்றேன்.

"அவ்வளவுதானா? நான் இருபது நெனைச்சு வச்சிருந்தேன்" என்றார்.

அப்புறம்தான் அவர் கதையைச் சொன்னார். 1968-ல் மூன்று மாத மெஸ் பில் கட்ட முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருக்கிறார். விடுதி வார்டன் வாசலில் நிறுத்தி, "உன் பாக்கி தீர்ந்துபோச்சு, உள்ளே போய்ச் சாப்பிடு" என்றாராம். யார் கட்டியது என்று வார்டன் கடைசிவரை சொல்லவில்லை. "அவர்தான் கட்டினார்னு எனக்குத் தெரியும். திருப்பிக் குடுக்கப் போனப்போ வாங்க மாட்டேன்னுட்டார். யாராவது வந்து கேட்பாங்கன்னு இத்தனை வருஷமா காத்திருக்கேன். நீ மூணு தடவை வந்தே. தட்டை சாப்பிட்டே, போயிட்டே" என்றார். இருபது லட்சத்தில் மெஸ் கட்டண நிதி ஒன்று உருவானது. வட்டியில் வருடத்துக்குச் சில பிள்ளைகளின் சாப்பாட்டு பாக்கி தீரும். தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. வார்டன் பெயரை வைத்தோம். அதில்தான் எனக்குப் பதவி உயர்வு.

அன்று ரயிலில் திரும்பும்போதுதான் இந்த உத்தியோகத்தின் மேல் எனக்கு முதன்முதலாக ஒரு பிடிப்பு வந்தது. கேட்கக் கூச்சப்பட்டே ஒரு மனிதரை மூன்று தடவை காக்க வைத்திருக்கிறேன். கடனைத் தீர்க்க வழி தேடிக்கொண்டிருந்தவரின் வாசலில் வந்து நின்றவன், கதவைத் தட்டாமல் தட்டையைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க எனக்குப் பழைய நடுக்கம் இல்லை. பாதி நடுக்கம்தான்.

வீட்டில் முழுக் கதையையும் சொன்னேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கத்தரிக்காய்க்காரன்கூட நாம கேட்டாத்தான் விலையைக் குறைப்பான். நீங்க யாருமே கேட்காம இருபது லட்சம் குறைச்சிருக்கீங்களே!" என்றாள். அந்த வாரம்தான் காய்கறி இலாகா பறிபோனது.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு புது ஏற்பாடு. பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு மாலையும் மேடையும் போதும், பத்து வருடத்துக்கு மேல் விடாமல் சிறுதொகை கொடுப்பவர்களுக்கு நம் கையால் கடிதம் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. ஒருமுறை பெரிதாகக் கொடுத்தவர் மறந்துபோவார், மாதாமாதம் கொடுப்பவர் மறப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள பட்டியலை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை.

வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பெயரில் பேனா நின்றது. மெஸ் கட்டண நிதிக்கு மாதம் 300 ரூபாய், 2014 முதல், ஒரு மாதம்கூடத் தவறாமல். பெயருக்கு முன்னால் என் மாமனாரின் இனிஷியல். அதற்குக் கீழே எங்கள் வீட்டு விலாசம். வருடா வருடம் 'தங்கள் மேலான நன்கொடைக்கு நன்றி' என்று என் கையெழுத்தோடு என் வீட்டுக்கே ரசீது போயிருக்கிறது.

சாயங்காலம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஆமா. அந்தப் பெரியவர் கதையைக் கேட்டதும் மனசு கேட்கலை. உங்களைக் கடைக்கு அனுப்பாம நானே போறதுல மாசம் முந்நூறு ரூபா மிச்சமாச்சு. அதைத்தான் அனுப்பறேன்" என்றாள்.

பதவி உயர்வுக்கு மரியாதை என்று நான் பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். என் அசட்டுத்தனத்தை முதலாக வைத்து, அதில் கை வைக்காமல், வட்டியை மட்டும் எடுத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறாள். சாவா மூவா அசட்டுத்தனம்.

"நீங்க எவ்வளவு குடுத்திருக்கீங்க?" என்றாள்.

நான் கீரையைப் பார்த்தேன். ஊரையெல்லாம் கேட்டவன் இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை.

"மாசம் ஐந்நூறுன்னு எழுதுங்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். கீரைத் தண்டு ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுந்துபோய்ப் பேனாவை எடுத்து வந்தேன்.

உங்கள் கல்லூரியிலிருந்தும் ஒருநாள் போன் வரும். எடுத்துப் பேசுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், தவறில்லை, எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் தொகையைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் சத்தமே இல்லாவிட்டால், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்.